நீதிமன்றச் சுருக்கெழுத்தர்களுக்கு ஒரு விசிட்டிங் கார்டு: ஒத்தக்கடை நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மேலூர் சாலையில் உயர்நீதிமன்றக் கிளைக்கும் ஒத்தக்கடைக்கும் இடையே ஒரு மாடிக் கடை இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒருவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை இங்கே பெரியவர் என்று குறிப்பிடுகிறேன். இரண்டாமவர் அவரிடம் ஷார்ட்ஹேண்ட் படித்த பெண்மணி. கடையை அன்றாடம் பார்த்துக்கொள்வது இவர்தான். வருகிறவர்கள் எல்லோருக்கும் இவர் ‘அக்கா’. மூன்றாமவர் அக்காவின் சித்தி மகன். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவது, கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனிங் எல்லாம் அவர் பொறுப்பு.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. திருச்சி, தஞ்சாவூரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள மாவட்டங்களின் வழக்குகள் இங்கே வந்தபோது அவற்றுக்கான தட்டச்சு வேலையும் கூடவே வந்தது. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் ஆவணங்களும் பெரும்பாலும் தமிழில் இருக்கும். உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி நடவடிக்கைகள் ஆங்கிலத்தில். மேல்முறையீடு என்று வந்துவிட்டால் கிரயப் பத்திரம், வாக்குமூலம், கீழ்க்கோர்ட் தீர்ப்பு எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, அடித்து, பக்க எண் போட்டு ‘டைப் செட்’ ஆகக் கட்ட வேண்டும். காலையில் கேஸ் லிஸ்ட்டில் இருக்கும். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வக்கீல் குமாஸ்தா கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். இந்தக் கடையின் பிழைப்பே அந்த எட்டு மணியில்தான் இருக்கிறது.

இன்னொரு வகை வேலையும் உண்டு. நடுவர் மன்ற (ஆர்பிட்ரேஷன்) விசாரணைகளுக்குப் போய்க் குறிப்பெடுப்பது, நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் முன் நடக்கும் குறுக்கு விசாரணையைப் பதிவு செய்வது, மில்களிலும் கூட்டுறவு நிறுவனங்களிலும் நடக்கும் உள்விசாரணைகளில் கேள்வி பதிலை அடித்துக் கொடுப்பது. 2002-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளை திருத்தப்பட்டு, முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவும் குறுக்கு விசாரணை ஆணையர் முன்பாகவும் நடக்க வழி வந்ததிலிருந்து, வெளி ஸ்டெனோக்களுக்கு இந்தப் பக்கம் ஒரு வாசல் திறந்தது. பெரியவரை இதற்குத்தான் கூப்பிடுவார்கள்.

கார்டு அச்சடிக்கும் எண்ணம் வந்ததும் இந்த இரண்டாவது வகை வேலைக்காகத்தான். டைப் செட்டுக்கு ஆள் தானாக வருகிறது. நடுவர் விசாரணைக்கு யாராவது பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

முதல் கார்டு

முதல் கார்டை நகருக்குள் உள்ள ஒரு டிடிபி கடை செய்து கொடுத்தது. இணையத்தில் ‘கோர்ட் ரிப்போர்ட்டர்’ என்று தேடிக் கிடைத்த ஒரு அமெரிக்க மாதிரியை எடுத்து, பெயரையும் எண்ணையும் மாற்றி சிவகாசிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரம் கார்டு, 350 ஜிஎஸ்எம் கனம், பளபளப்பு லேமினேஷன். கார்டு டிசைன் செய்யும் என்னிடம் அது வந்தபோது முக்கால் பங்கு இன்னும் பெட்டியிலேயே இருந்தது.

அந்தக் கார்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலுக்குக் கார்டு போடும் பலரும் இதே பொருள்களைத்தான் அடுக்குகிறார்கள்.

இடது பக்கம் மரச் சுத்தியல். நம் நீதிமன்றங்களில் நீதிபதி சுத்தியல் தட்டி யாரும் பார்த்ததில்லை. அது சினிமாவில் தட்டப்படுவது. அதன் கீழே ஸ்டெனோடைப் இயந்திரம். அமெரிக்காவில் நீதிமன்ற ரிப்போர்ட்டர் 22 விசைகள் கொண்ட அந்த இயந்திரத்தில் பல விசைகளை ஒருசேர அழுத்தி, பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்வார். நம் ஊரில் சாட்சி சொல்வதைக் கேட்டு நீதிபதி சொல்லச் சொல்ல ஸ்டெனோவோ தட்டச்சரோ எழுதுவார். இந்த மூன்று பேரும் அந்த இயந்திரத்தை நேரில் கண்டதே இல்லை. வலது ஓரத்தில் ‘225 சொல் வேகம்’ என்று ஆங்கிலத்தில். இது அமெரிக்க ரிப்போர்ட்டர்கள் சங்கத்தின் ஆர்.பி.ஆர். (பதிவுபெற்ற தொழில்முறை ரிப்போர்ட்டர்) தேர்வில் சாட்சியப் பகுதிக்குக் கேட்கும் வேகம். மாதிரியில் இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். பெரியவரிடம் இருப்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வின் சீனியர் கிரேடு, நிமிடத்துக்கு 120 சொல்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதவை மூன்று. பின்னணியில் நான்முகச் சிங்கம் மங்கலாக, அதன் மேல் மட்டும் பூசிய ஸ்பாட் யுவி பளபளப்பு. ‘சர்டிஃபைட் டிரான்ஸ்கிரிப்ட்’ என்று ஒரு வரி. கடைசியாக முகவரி: ‘மெட்ராஸ் ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்’ என்பது கார்டிலேயே பெரிய எழுத்தில், அதற்கு முன்னால் ‘ஆப்போசிட் டு’ என்பது எறும்பு சைஸில்.

வந்த சிக்கல்

காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். நிலத் தகராறில் உத்தரவு வந்துவிட்டது, நகல் வாங்க வேண்டும், பணம் இங்கேதானே கட்ட வேண்டும் என்று கேட்டார். சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், இது தனியார் டைப்பிங் கடை என்று அக்கா எடுத்துச் சொன்னார். ‘சிங்கம் போட்ருக்கேம்மா’ என்றார் அவர். அவரை நீதிமன்ற வாசலுக்கு அழைத்துப் போய், எங்கே விசாரிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வந்தார் சித்தி மகன்.

அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞர் கார்டைப் பார்த்துவிட்டுப் பெரியவரை நேரில் கூப்பிட்டுப் பேசினார். நீண்டநாள் பழக்கம் என்பதால் எழுத்துமூலம் எதுவும் இல்லை. ‘சார், நீங்க உள்ள இருந்தவங்க, இதை நீங்களே செய்யலாமா?’ என்பதுதான் அவர் கேட்டது. பெரியவரை அது மிகவும் பாதித்துவிட்டது. மிச்சக் கார்டுகளை எல்லாம் பெட்டியோடு எடுத்துவைத்தார்கள். ஒரு குமாஸ்தா மூலம் அக்கா என்னிடம் வந்தார்.

அரசுச் சின்னத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசோடு தொடர்புள்ளது என்ற எண்ணத்தை உண்டாக்கும்படி சின்னத்தையோ அதன் சாயலையோ பயன்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மங்கலாகப் போட்டேன் என்பது இதற்குப் பதில் ஆகாது. டிசைன் வேலை செய்கிற நம்மில் பலர் இந்தச் சட்டத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ‘கோரல்டிரா’ டிசைன் மென்பொருளின் கிளிப்ஆர்ட்டில் சிங்கம் கிடைக்கிறது, எடுத்துப் போடுகிறோம்.

கடையில் கண்டது

டிசைனைத் தொடுவதற்கு முன், சில மாலை நேரங்களில் கடையில் போய் உட்கார்ந்தேன். கார்டு எப்படிக் கை மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

முதலில் தெரிந்தது, கார்டை வாங்குபவர் வழக்கறிஞர் இல்லை. குமாஸ்தா. அவர் அதைச் சட்டைப் பையில் வைப்பதில்லை. கேஸ் டைரியின் பின்னட்டைப் பிளாஸ்டிக் உறையில் செருகுகிறார். அங்கே ஏற்கெனவே ஜெராக்ஸ் கடை, நோட்டரி, ஸ்டாம்ப் வெண்டர் கார்டுகள் இருக்கின்றன. அந்தக் கும்பலில் மேல் விளிம்பு மட்டும்தான் வெளியே தெரியும். பழைய கார்டில் மேல் விளிம்பில் இருந்தது சுத்தியலின் தலை.

இரண்டாவது, கார்டின் மேல் எழுதுகிறார்கள். எத்தனை பக்கம், எத்தனை செட், எப்போது வர வேண்டும், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தது என்று. அக்கா கார்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கப் பார்த்தார். லேமினேஷனில் பால்பாயிண்ட் பேனா வழுக்கியது. துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். துண்டுத் தாள் தொலைந்தது, சண்டை வந்தது.

மூன்றாவது, கார்டு கைக்குக் கை போவதைவிடப் போட்டோவாகத்தான் அதிகம் போகிறது. திண்டுக்கல்லில் இருக்கும் ஜூனியர் ஒருவர், ‘நல்ல ஸ்டெனோ யாராச்சும் இருக்காங்களாண்ணே’ என்று கேட்டால் இங்கே உள்ள குமாஸ்தா டியூப்லைட் வெளிச்சத்தில் கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தள்ளுகிறார். சின்னத்தின் மேல் இருந்த ஸ்பாட் யுவி வெளிச்சத்தில் மின்னி, எண்ணில் பாதியை மறைத்துவிட்டது.

நான்காவதாகப் பார்த்ததுதான் டிசைன் முழுவதையும் திருப்பியது. அங்கே வந்த குமாஸ்தாக்களிடம், இந்தக் கடை எண்ணை உங்கள் போனில் என்ன பெயரில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘ஒத்தக்கடை டைப்பிங் அக்கா’, ‘ஸ்டெனோ மாடி’, ‘டைப் செட் அக்கா’, ‘ஆர்பிட்ரேஷன் ஸ்டெனோ சார்’. கார்டில் பெரிதாகப் போட்டிருந்த ஆங்கில நிறுவனப் பெயர் ஒருவரது போனிலும் இல்லை.

முடிவுகளும் காரணங்களும்

கார்டின் மேல் விளிம்பில் வர வேண்டியது வேலையின் பெயரும் இடமும் என்று முடிவு செய்தோம். ‘டைப் செட் · சுருக்கெழுத்து · ஒலிப்பதிவு எழுத்தாக்கம்’ என்று ஒரு வரி, அதன் கீழ் ‘ஒத்தக்கடை’. நிறுவனப் பெயர் கீழே, சிறிய எழுத்தில். சித்தி மகனுக்கு இதில் வருத்தம்தான். பெயர் வைத்தது அவர். ‘பேரு இல்லாம எப்படிண்ணே பிராண்டு ஆகும்?’ என்றார். டைரி உறையில் கார்டைச் செருகிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் வாதிடவில்லை, ஒப்புக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது.

நீதிமன்றத்தின் பெயர் முகவரியில் வரலாமா என்பது நீண்டநேரம் ஓடியது. வழி சொல்ல அது வேண்டும். அதைவிட்டால் அங்கே வேறு அடையாளம் என்ன இருக்கிறது என்றார் அக்கா. கதவு எண், சாலை, கீழே உள்ள மெடிக்கல் ஷாப்பின் பெயர், பஸ் ஸ்டாப் என்று நான்கும் வைத்து எழுதிப் பார்த்தோம், வழி தெளிவாகவே இருந்தது. நீதிமன்றப் பெயரை எடுத்துவிட்டோம். என் பார்வையில், சுருக்கெழுத்தர் கார்டில் நீதிமன்றத்தின் பெயர், கட்டடப் படம், சின்னம் எதுவும் வரக் கூடாது. அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு வருபவர் சட்டம் படித்தவராக இருப்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கோபுரம் வேண்டும் என்று பெரியவர் கேட்டார். மதுரையில் கார்டு என்றால் கோபுரம் இல்லாமல் நகராது, அது தெரிந்ததே. ஆனால் தமிழ்நாடு அரசின் முத்திரையிலும் கோபுரம்தான் இருக்கிறது. நீதிமன்றம் சார்ந்த தொழிலில் கோபுரத்தைப் போட்டு அதன் பக்கத்தில் தராசையும் வைத்தால், சிங்கத்தை எடுத்ததில் பயன் இல்லை. அவர் உடனே புரிந்துகொண்டார்.

‘சர்டிஃபைட்’ என்ற சொல் போனது. சான்றிட்டுத் தருவது நீதிமன்றத்தின் அதிகாரம். ஒலிப்பதிவை எழுத்தாக்கித் தந்தாலும், அந்தப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யத் தனிச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழை இந்தக் கடை தரப்போவதில்லை. ஆகவே ‘ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தரப்படும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

225 போய் அதன் இடத்தில் பெரியவரின் உண்மைத் தகுதி வந்தது: ‘ஆங்கிலச் சுருக்கெழுத்து சீனியர் கிரேடு’. வேக எண்ணைப் போடவில்லை. இந்தத் தேர்வைப் பற்றித் தெரிந்தவருக்குச் சீனியர் என்றால் 120 என்று தெரியும். தெரியாதவருக்கு 120 என்பதும் 225 என்பதும் ஒன்றுதான். அக்காவுக்கு இரண்டு மொழியிலும் டைப்பிங் ஹையர் இருக்கிறது, அதுவும் சேர்ந்தது.

‘ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்’ என்று போட வேண்டும் என்பதில் பெரியவர் பிடிவாதமாக இருந்தார். அது பொய்யில்லை. ஆனாலும் உள்ளே செல்வாக்கு இருக்கிறது என்று படிப்பவர் நினைக்க அது இடம் கொடுக்கும். வழக்கறிஞர் கேட்ட கேள்வியை நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் கழித்து அவரே அக்காவிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

இன்னும் பணியில் இருக்கும் ஒரு பழைய சகாவின் எண்ணை ‘அவசரத்துக்கு’ என்று சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1973) அனுமதியில்லாமல் தனித்தொழில் பார்ப்பதை ஏற்பதில்லை. அவருடைய வேலைக்கே உலை வைக்கும் வரியை நாம் அச்சடிக்கக் கூடாது என்று மறுத்தேன். சித்தி மகன் எழுதிக் கொடுத்த பட்டியலில் ‘வக்கீல் ஏற்பாடு செய்து தரப்படும்’ என்றும் இருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான், வெளியூரிலிருந்து வருபவர்கள் கேட்கிறார்கள். ஆனால் அது தரகு வேலை. நீதிமன்றங்கள் தரகர் பட்டியலைத் தயாரித்து வெளியிடும் அதிகாரத்தை 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே 45ஏ பிரிவாகச் சேர்த்திருக்கிறது. வழக்கறிஞர்களுக்கே தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ள பார் கவுன்சிலின் 36-ஆம் விதி தடை போடுகிறது. பெயர்ப்பலகையும் லெட்டர்ஹெட்டும் அடக்கமாக இருக்க வேண்டும், இன்ன வழக்கில் நிபுணர் என்றுகூடப் போடக் கூடாது. அப்படிப்பட்ட கார்டுகளையே பார்த்துப் பழகிய கண்கள் இவை. அவர்கள் முன்னால் ஆரவாரமான கார்டை நீட்டினால் வேலை வராது, சந்தேகம்தான் வரும்.

ஒரு யோசனையைப் பார்த்ததுமே தள்ள வேண்டியிருந்தது. கார்டின் பின்னணியில், அடித்த வாக்குமூலப் பக்கம் ஒன்றை மங்கலாகப் போடலாம் என்று சித்தி மகன் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. திரையில் பெரிதாக்கினால் ‘அ.சா.1’ (அரசுத் தரப்பு முதல் சாட்சி) என்பதற்கு அடுத்து ஒரு பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் படிக்க முடிந்தது. அது சாதாரண அடிதடி வழக்கு. பாலியல் குற்ற வழக்காக இருந்திருந்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்ட குற்றமே ஆகியிருக்கும். கோப்பை அழித்துவிடச் சொன்னேன். இவர்களிடம் வழக்குக் கட்டை நம்பிக் கொடுப்பதே விஷயம் வெளியே போகாது என்பதால்தான்.

எண் ஒன்றே ஒன்று. பழைய கார்டில் அக்காவின் சொந்த எண் இருந்தது. யார் யாரோ போட்டோ எடுத்து அனுப்பும் பொருளில் ஒரு பெண்ணின் சொந்த எண் சுற்றுவது சரியில்லை. கடைக்கென்று ஒரு சிம், ஒரு சாதாரண பட்டன் போன். வாட்ஸ்அப் கடைக் கம்ப்யூட்டரில். எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து, கார்டிலேயே பெரிய எழுத்தில் வைத்தோம். கியூஆர் கோடு போடச் சொல்லி வற்புறுத்தல் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் எந்தக் கார்டையும் யாரும் ஸ்கேன் செய்து நான் பார்க்கவில்லை. மிஸ்டு கால் கொடுத்து எண்ணைச் சேமிக்கிறார்கள். அந்த இடம் எண்ணுக்கே போனது.

ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் என்று வைக்காமல், முன்பக்கம் தமிழை மேலாகவும் ஆங்கிலத்தைக் கீழாகவும் வைத்துப் பின்பக்கத்தை எழுதுவதற்கு விட்டோம். பின்பக்கத்தில் நான்கே நான்கு மெல்லிய கோடுகள்: பக்கம், செட், தரும் நேரம், முன்பணம். அதன் அடியில் ஒரு வரி: ‘கோப்பு யூனிகோடிலும் வானவில்லிலும் கிடைக்கும்’. இரண்டும் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் எழுத்து முறைகள். இந்த ஒரு வரி குமாஸ்தாக்களிடம் கேட்ட பிறகு வந்தது. ஒரு ஆபீஸில் அடித்ததை இன்னொரு ஆபீஸில் திறந்தால் எழுத்து எல்லாம் கொம்பும் சுழியுமாகச் சிதறுவது இந்த வட்டாரத்தில் தினசரித் தொல்லை.

சுருக்கெழுத்துக் கோடு

படம் எதுவுமே இல்லையென்றால் கார்டு மொட்டையாக இருக்கிறது என்றார் பெரியவர். அது நியாயமாகத்தான் பட்டது. அவர் கையாலேயே ஒரு சுருக்கெழுத்து வடிவத்தை எழுதித் தரச் சொன்னேன். ‘டிக்டேஷன்’ என்ற சொல்லை எழுதினார். அதை ஸ்கேன் செய்து, கோரல்டிராவில் மேலே கோடு ஓட்டி, புரூஃப் எடுத்து என்னிடம் வேலை பார்க்கும் பையன் கொண்டுபோனான்.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ‘தம்பி, இது நான் எழுதுனது இல்லையே.’

வடிவம் அதேதான், கோட்டின் அழுத்தம் போயிருந்தது. பிட்மன் என்ற சுருக்கெழுத்து முறையில் பேனாவில் வரும் ‘ப’வும் பஸ்ஸில் வரும் ‘ப’வும் ஒரே சாய்கோடுதான், முன்னது மெல்லியது, பின்னது அழுத்தியது. டீயில் வரும் ஒலியும் டெல்லியில் வரும் ஒலியும் அப்படியே, செங்குத்தாக. ‘டிக்டேஷன்’ அழுத்திய கோட்டில் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் ஓட்டியதால் அது வேறு சொல்லாகிவிட்டது. அதோடு முடியவில்லை. கோட்டைப் பாதி நீளமாக எழுதினால் கூடவே ஒரு ‘ட்’ ஒலி சேர்ந்துவிடும். வடிவம் வரிக்கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கோட்டின் மீதா, கோட்டை ஊடுருவியா என்பதைக் கொண்டு உயிரொலி தெரியும். நாங்கள் வரிக்கோட்டையே அழித்திருந்தோம். சுருக்கெழுத்து தெரிந்த ஒருவர் கையில் இந்தக் கார்டு கிடைத்தால், தன் தொழிலின் முதல் பாடமே தெரியாத கடை என்றுதான் நினைப்பார்.

இரண்டாம் முறை அவர் பழைய நிப் பேனாவில் வரிபோட்ட நோட்டில் எழுதினார். உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து, கோடாக ஓட்டாமல் மைபட்ட பரப்பாகவே எடுத்தோம். மெலிவும் அழுத்தமும் அப்படியே நின்றன. கீழே வரிக்கோட்டை நூல்போல விட்டோம். நான்கு நிறக் கலவையில் போனால் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மெல்லிய கோடு தடித்துவிடும் என்பதால், கறுப்பு மட்டும் என்று பிரஸ்ஸுக்கு எழுதி அனுப்பினோம். பெரியவர் புரூஃபைப் பார்த்து வாய்விட்டுப் படித்தார்.

அச்சு வேலையில் சொல்ல அதிகம் இல்லை. 89 × 51 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவு, 300 ஜிஎஸ்எம், முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன், பின்பக்கம் பேனா ஓடும்படி வெறும் போர்டு. தமிழ் எழுத்துகளைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றி அனுப்பினோம். சிவகாசியில் ஆயிரம் அடித்து வந்தது. பழைய கார்டுகளை அக்கா கடையிலேயே துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்.

பிறகு நடந்தது

புதிய கார்டை அந்த வழக்கறிஞரிடம் பெரியவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் இரண்டு கார்டு வாங்கிக்கொண்டார். அவர் மூலமாக ஒரு நடுவர் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கார்டு இல்லாவிட்டாலும் அது வந்திருக்கக்கூடும், எனவே அதை வெற்றிக் கணக்கில் சேர்க்க நான் தயாரில்லை.

பின்பக்கத்து நான்கு கோடுகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தன. குமாஸ்தா வந்ததும் அக்கா கார்டை எடுத்து நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். அதுவே ரசீது போல ஆகிவிட்டது. முன்பணத் தகராறு குறைந்தது என்கிறார். இதனால் கார்டு வேகமாகத் தீர்கிறது. ஒரே குமாஸ்தா பல கார்டு வைத்திருக்கிறார்.

புதிதாகக் கூப்பிடுபவர்களிடம் ‘நம்பர் எப்படிக் கிடைச்சது?’ என்று கேட்டு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தேன். கார்டைக் கையில் வாங்கியவர்களைவிட, கார்டின் படத்தை வாட்ஸ்அப்பில் பெற்றவர்கள் அதில் அதிகம். நகலுக்குப் பணம் கட்ட இதுவரை யாரும் மாடி ஏறவில்லை.

சரியாக வராதவையும் உண்டு. ஐப்பசி மழை பிடித்ததும் கார்டுகள் வில்லாக வளைந்தன. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த போர்டு ஈரத்தை மறுபக்கம் மட்டும் உறிஞ்சும், அதனால் சுருளும். பிரஸ்காரர் இதை முன்பே சொல்லியிருந்தார். எழுத இடம் வேண்டும் என்பதற்காக அந்தக் குறையை ஏற்றோம். டைரிக்குள் இருக்கும் கார்டு தட்டையாகவே இருக்கிறது, கடை மேசையில் அடுக்கிவைத்தவைதான் வளைகின்றன. ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறார்கள்.

‘இரவு 10 வரை’ என்று போட்டிருந்த வரி வேறு தொந்தரவைக் கொண்டுவந்தது. பத்து மணிக்குக் கடை மூடும் என்பது அதன் பொருள். பத்து மணிக்குக் கட்டைக் கொடுத்தாலும் காலையில் செட் கிடைக்கும் என்று படித்தார்கள். 9.50-க்கு ஒருவர் நூறு பக்கத்துக்கு மேல் தமிழ் வாக்குமூலத்தோடு வந்து நின்ற கதையை அக்கா இப்போதும் சொல்கிறார்.

பெரியவரின் வேலையும் அக்காவின் வேலையும் ஒரே கார்டில் இருப்பது இன்னொரு குறை. நடுவர் விசாரணைக்கு ஸ்டெனோ தேடும் மூத்த வழக்கறிஞருக்கு டைப் செட் வரி தேவையில்லை; முன்பணக் கோடு போட்ட கார்டை அவர் கையில் கொடுக்கப் பெரியவருக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தில் அர்த்தம் இருக்கிறது. எதற்காகக் கார்டு தொடங்கப்பட்டதோ அந்த வேலைக்கு இது அரைகுறையாகத்தான் பொருந்துகிறது.

மறு அச்சில் மாறுபவை

இரண்டு கார்டாகப் பிரிக்கிறோம். கடைக்கார்டு அப்படியே, ஆனால் லேமினேஷன் இல்லாமல், இரண்டு பக்கமும் பூச்சில்லாத வெள்ளை போர்டில். வியர்வைக் கையில் சீக்கிரம் அழுக்காகும். இரண்டு நாளில் வேலை முடிந்து கிழிக்கப்படும் கார்டுக்கு அது போதும். ‘இரவு 10 வரை’ என்பது ‘கட்டு வாங்கும் நேரம் இரவு 8 வரை’ என்று மாறுகிறது. அதற்கு மேல் வருவதைப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் அக்கா, அதை அச்சில் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவரின் கார்டில் அவர் பெயர், தகுதி, ‘நடுவர் விசாரணை, ஆணையர் முன் சாட்சியப் பதிவு, உள்விசாரணை’ என்ற ஒரு வரி, கடை எண், சுருக்கெழுத்து வடிவம். அவ்வளவுதான். பின்பக்கம் வெறுமை. 200 போதும் என்பதால் ஆஃப்செட்டுக்குப் போகாமல் மதுரையிலேயே டிஜிட்டலில் அடிக்கிறோம். டிஜிட்டலில் மெல்லிய கோடு எப்படி நிற்கிறது என்று ஒரு தாள் அடித்து அவரிடம் படிக்கக் கொடுத்த பிறகுதான் மிச்சத்தை ஓட்ட வேண்டும் என்று கடைப்பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சித்தி மகன் தனக்கும் ஒரு கார்டு கேட்கிறார், நிறுவனப் பெயர் பெரிதாக. ஒலிப்பதிவு வேலை தனியாக வரத் தொடங்கினால் பார்க்கலாம் என்று அக்கா தள்ளிப்போட்டிருக்கிறார்.